யார் அனுப்பிய பிஸ்கால்?

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், உங்கள் பெயருக்குக் கோட்டிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது என்று சொன்னால், அவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு முதலில் கேட்பது இதைத்தான்: "ஆர் ஐயா அனுப்பின?" பிஸ்கால் உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது அதே ஊரில் தானும் சிறியதொரு வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர், அந்தக் கேள்வியில் எப்போதும் நியாயம் கண்டவர். வழக்குப் போட்டவர் அனுப்பினாரா, அவருடைய சட்டத்தரணி அனுப்பினாரா, ஊர்ப் பெரிய மனிதர் யாராவது சொல்லி வந்தாரா, நீதிமன்றம்தான் அனுப்பியதா? நீதிமன்றம் என்றால், இவரை வேலைக்கு எடுத்தது யார், இன்றைக்கு இந்த வாசலுக்குப் போ என்று பணித்தது யார், இவர் பிழை செய்தால் கேட்பது யார்? இத்தனைக்கும் கையிலிருக்கும் காகிதத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தால்தான் வீட்டுக்காரரின் படலையைத் திறக்கத் தனக்கு உரிமை உண்டு என்று அவர் இளம் உத்தியோகத்தர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணற்பூமி. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் தேற்றாத்தீவு கழிந்தால் களுதாவளை, அதற்கடுத்து களுவாஞ்சிகுடி. பிரதேச செயலகமும் நீதிமன்றமும் களுவாஞ்சிகுடியில் இருக்கின்றன. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை. அந்தப் பக்கம் வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமாக விரிவது படுவான்கரை. பிஸ்காலின் பையில் இரண்டு கரைக்கும் உரிய கட்டளைகள் இருக்கும்.

நீதிபதி மேசையில் இருந்து எழுதியது ஊருக்குள் நடந்தேற வேண்டுமானால் அதை எடுத்துச் செல்ல ஆள் வேண்டும். அமெரிக்க மாவட்டங்களில் அது ஷெரிஃபும் அவருடைய டெப்யூட்டிகளும். தமிழ்நாட்டில் கோர்ட் அமீனா. இலங்கையில் பிஸ்கால். அழைப்பாணை கொடுப்பது, தீர்ப்புப்படி கட்டாத கடனுக்குச் சொத்தைக் கைப்பற்றுவது, அதை ஏலத்தில் விற்பது, வழக்கில் வென்றவரிடம் காணியை ஒப்படைப்பது, அடாத்தாகக் குடியிருப்பவரை வெளியேற்றுவது என்று எல்லாம் அவர் தலையில். வழக்குத் தீர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் பிஸ்காலின் வேலை தொடங்கும்.

இந்தப் பதவி ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. ஆங்கிலேயர் அதை வைத்துக்கொண்டு 1867ஆம் ஆண்டின் பிஸ்கால்கள் கட்டளைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தினார்கள். மாகாணத்துக்கு ஒரு பிஸ்கால், அவருக்குக் கீழே பிரதிப் பிஸ்கால்கள், அவர்களுக்குக் கீழே கட்டளை கொண்டு நடக்கும் ஆட்கள் என்பது அன்றைய அமைப்பு. நெடுங்காலம் மாகாணத்தின் அரசாங்க அதிபரே பிஸ்காலாகவும் இருந்தார். வரி வாங்குபவரும் அவர், காணி கொடுப்பவரும் அவர், நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுபவரும் அவர். தூக்குத் தண்டனை நிறைவேறும்போது பக்கத்தில் நிற்பதும் அந்தப் பதவியோடு சேர்ந்த கடமையாக இருந்தது. பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனாட் வூல்ஃப் 1907இல் கண்டிக் கச்சேரியில் வேலை செய்தபோது போகம்பறைச் சிறையில் அப்படி நின்றிருக்கிறார்.

ஊர் மட்டத்தில் இதற்குத் துணை நின்றவர்கள் தலைமைக்காரர்கள். மட்டக்களப்பில் பற்றுக்கு ஒரு வன்னியனார், அவருக்குக் கீழே உடையார், விதானை. ஆளைக் காட்டுவதும் எல்லையைக் காட்டுவதும் இவர்கள் வேலை. பரம்பரைச் செல்வாக்கும் நிலமும் உள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், கட்டளை யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்பது பல வேளை அவர்கள் கையில் இருந்தது. 1963இல் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டுப் பரீட்சை எழுதித் தெரிவான கிராம சேவகர்கள் வந்தார்கள். இப்போது கிராம உத்தியோகத்தர் எனப்படும் அவரை ஊர்ச் சனம் இன்றும் விதானையார் என்றே கூப்பிடுகிறது. ஆனால் அவர் இப்போது ஊரின் பெரிய வீட்டிலிருந்து வருபவராக இருக்க வேண்டியதில்லை.

பிஸ்காலின் நியமனத்திலும் அதே திசையில் பெரியதொரு மாற்றம் நடந்தது. 1978 அரசியலமைப்பு, முதல்நிலை நீதிமன்றங்களின் பதிவாளர், பிஸ்கால், பிரதிப் பிஸ்கால், மொழிபெயர்ப்பாளர் முதலியோரை அட்டவணைப்படுத்தப்பட்ட பகிரங்க உத்தியோகத்தர் என்ற வகுப்பில் சேர்த்தது. இவர்களை நியமிப்பது, பதவி உயர்த்துவது, இடம் மாற்றுவது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது, பதவி நீக்குவது எல்லாம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் அதிகாரம். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் அதன் அங்கத்தவர்கள். இடமாற்றங்களை ஆணைக்குழு தன் செயலாளரிடம் ஒப்படைக்கலாம். சம்பளம் உயரும் இடமாற்றத்தை அப்படி ஒப்படைக்க முடியாது. ஆணைக்குழுவின் தீர்மானத்தில் தலையிட முயல்வதே குற்றம் என்றும் அரசியலமைப்பு சொல்கிறது.

படிக்கும்போது இது அலுவலக ஏற்பாடு போலத் தோன்றும். பெரியவருக்கோ அது தன் முதுகெலும்பு. அவர் வேலைக்குச் சேர்ந்தது வர்த்தமானியில் வந்த விண்ணப்ப அழைப்பைப் பார்த்து, பரீட்சை எழுதி. அமைச்சரின் கடிதம் கொண்டு சேர்ந்திருந்தால் அமைச்சரின் ஆதரவாளர் வீட்டு வாசலில் தன் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்று அவர் யோசித்திருக்கிறார். கிழக்கில் அரசாங்க வேலை என்பது தலைமுறைகளாக யாரோ ஒருவரின் தயவாகப் பேசப்பட்டு வந்த ஒன்று. எந்தத் தயவுக்கும் கடன்படாமல் ஒருவர் கடன் வசூலிக்கப் போகலாம் என்பதை அவர் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

நியமித்தவரின் கட்சிக்குக் கட்டுப்பட வேண்டி வரும் என்ற பயம் இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிஃப் தேர்தலில் தெரிவாகிறவர். தன் டெப்யூட்டிகளைத் தானே நியமிக்கிறார். 1970 டிசம்பரில் சிக்காகோ நகரம் அடங்கும் குக் கவுண்டியில் குடியரசுக் கட்சி ஷெரிஃப் போய் ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் எல்றொட் வந்தார். பழைய கட்சிக்காரர் சிலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்குப் போட்டவர்களில் ஒருவர் கட்டளை சேர்க்கும் பிரிவின் தலைமை டெப்யூட்டி, இன்னொருவர் வீடு வீடாக அழைப்பாணை கொடுப்பவர். 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொள்கை வகுக்காத ஊழியரைக் கட்சி காரணமாக மட்டும் நீக்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. அழைப்பாணை கொடுப்பவர் எந்தக் கட்சி என்பது அழைப்பாணைக்குத் தேவையில்லாத விடயம்.

ஆனாலும் அங்கே பிரச்சினை தீரவில்லை. வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரில் 2009 தேர்தலுக்குப் பிறகு ஷெரிஃப் தன் ஊழியர் சிலரை மீண்டும் நியமிக்கவில்லை. அவர்களில் ஒருவர் எதிர்த்துப் போட்டியிட்டவரின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு விருப்பம் தெரிவித்திருந்தார். அதுவும் அரசியலமைப்பு காக்கும் பேச்சுத்தான் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொல்ல வேண்டி வந்தது. தேர்தலில் வென்றவர் கையில் நியமனம் இருக்கும்வரை, இப்படி ஒவ்வொரு தடவையும் நீதிமன்றம் போய்த்தான் எல்லை கீற வேண்டியிருக்கிறது.

நியமனம் ஒரு பக்கம். இன்றைய வேலைக்கு யாரை அனுப்புவது என்பது இன்னொரு பக்கம். நீதிமன்றத்தின் கட்டளை பிஸ்காலின் பெயருக்கு வரும். அவர் தனக்குக் கீழுள்ளவரிடம் பகிர்ந்து கொடுப்பார். பெரியவர் தன் கையில் எழுத்தில் அதிகாரம் வராமல் எந்த வாசலுக்கும் போனதில்லை. ஒருவருக்கு எழுதியதை அவருக்குச் சுகமில்லை என்று இன்னொருவர் எடுத்துப் போகும் பழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். அரச உத்தியோகத்தரின் கடமைக்குத் தடை செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவில் குற்றம். அந்தப் பாதுகாப்பு, தன் கடமையைச் செய்பவருக்கு. எழுதித் தரப்படாத ஒன்றைச் செய்யப் போனவர் அதன் கீழ் நிற்க முடியுமா என்பது சண்டை நடந்த பிறகு கேட்கும் கேள்வியாக இருக்கக் கூடாது.

மட்டக்களப்பில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே உறவு தாய்வழிக் குடியாக ஓடுகிறது; கோயில் நிருவாகமும் குடிவழிப் பங்குதான். களுதாவளை, தேற்றாத்தீவு, களுவாஞ்சிகுடி, எருவில் என்று எந்த ஊருக்குப் போனாலும் கட்டளையில் இருக்கும் பெயர் சம்பந்தம் சொல்லும். தன் குடிக்குள் வரும் கட்டளைகளை வேறு உத்தியோகத்தருக்கு மாற்றித் தரும்படி பெரியவர் முன்கூட்டியே மேலதிகாரியிடம் சொல்லிவிடுவார். "நம்மட ஆள்தானே, நாளைக்கு வா" என்ற ஒரு சொல்லில் தீர்ப்புப் பெற்றவர் ஒரு மாதம் இழப்பார். உறவென்று காட்டிக்கொள்ளாமலிருக்க அதிகம் கறாராக நின்றால் கடன்பட்டவர் இழப்பார்.

அழைப்பாணை கொடுப்பது வெளியிலிருந்து பார்க்கச் சுலபம். இப்போது சட்டப்படி அது முதலில் பதிவுத் தபாலில் போகிறது. தபாலில் சேரவில்லை என்றால் பிஸ்கால் மூலமோ அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தர் மூலமோ ஆளிடம் நேரில் கொடுக்கும்படி நீதிமன்றம் பணிக்கும். முயன்றும் முடியவில்லை என்றால்தான் வீட்டில் கண்படும் இடத்தில் ஒட்டுவது. கொடுத்தவர் எங்கே, எப்போது, யாரிடம் கொடுத்தார் என்று சத்தியக்கடதாசி முடித்து நீதிமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். அந்த அறிக்கையை நம்பித்தான் எதிராளி வராத வழக்கில் நீதிபதி தீர்ப்பு எழுதுகிறார்.

இங்கேதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய பாவம் நடக்க இடமுண்டு என்கிறார் பெரியவர். ஆளைக் காணாமலே கண்டதாக எழுதுவது. வெயிலில் படுவான்கரைக்குப் போக மனமில்லாமல், ஆள் ஊரில் இல்லை என்று எழுதுவது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோ, குருமண்வெளியில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி மண்டூருக்கோ போய், அங்கிருந்து வயல் வரம்பால் நடந்து தேடினால், கட்டளையில் உள்ள பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயர் சொன்னால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். ஒரே பெயரில் தகப்பனும் பேரனும் இருப்பார்கள். கணவன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார் என்று மனைவி சொல்வார். உண்மையில் போனாரா என்பதை அக்கம்பக்கம் விசாரித்து எழுத வேண்டும். தாபரிப்பு வழக்கில் பிள்ளைக்குச் சோறு அந்த ஒரு வரியில் தங்கியிருக்கிறது.

யுத்த காலத்தில் வாவி ஒரு எல்லையாக இருந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. புலிகளுக்குத் தனி நீதிமன்றங்கள் இருந்தன. இக்கரையில் அரசாங்க நீதிமன்றத்தின் கட்டளை. அரச உத்தியோகத்தர் எவரும் 1983இன் ஆறாவது திருத்தப்படி நாட்டைப் பிரிப்பதற்கு ஆதரவளிப்பதில்லை என்று சத்தியம் செய்தே வேலையில் இருக்க வேண்டும். அப்படிச் சத்தியம் செய்த ஒருவர் நீதிமன்றக் காகிதத்தோடு அக்கரைக்குப் போவது எப்படி என்று எந்தச் சட்டக்கோவையும் சொல்லித் தரவில்லை. சேர்ப்பிக்க முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதிய அறிக்கைகளே அந்த ஆண்டுகளில் பெரியவர் செய்த நேர்மையான வேலை. அந்த அறிக்கைகளால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நின்றன என்பதும் அவருக்குத் தெரியும்.

கைப்பற்றல் கட்டளை இன்னும் கனமானது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889இல் வந்தது. அதன்படி கட்டளை கிடைத்து 48 மணித்தியாலத்துக்குள் பிஸ்கால் கடன்பட்டவரின் வீட்டுக்குப் போய் முதலில் பணத்தைக் கட்டும்படி கேட்க வேண்டும். கட்டாவிட்டால்தான் சொத்து. அதிலும் தொடக் கூடாதவை உண்டு. கடன்பட்டவரும் மனைவி பிள்ளைகளும் உடுக்கும் உடை, படுக்கும் பாய் படுக்கை. தொழில் ஆயுதங்கள். விவசாயி என்றால் அவருடைய உழவுக் கருவிகள், சீவியத்துக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடும் விதைநெல்லும். கூலியாளின் கூலி.

களுதாவளையில் மண்வெட்டியும் தண்ணீர் வாளியும் எந்த வகை என்று யோசிக்க வேண்டியதில்லை. வாழ்க்கைக்குத் தொழில் வெற்றிலை என்றால் அவை தொழில் ஆயுதங்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைத் தூக்கச் சொல்லி வழக்காளி கைகாட்டும்போது, பெரியவர் அந்தப் பிரிவை அவருக்கு நிதானமாக விளக்குவார். அதைத் தூக்கினால் கொடி ஒரு கிழமையில் கருகும். கடனைக் கட்ட இருந்த ஒரே வழியும் போகும். வழக்காளிக்கும் அதில் இலாபமில்லை.

இன்னொரு வாசலில் கிழவி ஒருவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "தம்பி, இந்த வளவும் வீடும் என்ட மகளுக்குச் சீதனமா எழுதின. மருமகன்ட கடனுக்கு இதில கை வைக்க ஏலா." மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை மனைவி வீட்டில் வந்து குடியிருப்பார். யாழ்ப்பாணத்துத் தேசவழமை இங்கே பொருந்தாது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவியின் சொத்து மனைவியின் தனிச்சொத்து. கொழும்பில் எழுதிய கட்டளை, கடன்பட்டவர் குடியிருக்கும் வீடு அவருடையதே என்று எண்ணி வரும். சீதன உறுதியைக் கண்ணால் பார்த்த பிஸ்கால் அதைத் தானே தீர்க்கவும் கூடாது, பார்க்காததுபோல இருக்கவும் கூடாது. உரிமை கோரப்பட்டது என்று நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 241ஆம் பிரிவின் கீழ் விசாரிப்பது நீதிபதியின் வேலை. கிழவிக்கு அவர் சொல்லும் பதிலும் அதுதான்: உறுதியை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வாங்கம்மா, நான் எழுதுகிறேன்.

அசையாச் சொத்தைக் கைப்பற்றும்போது இடத்தில் பறையறைந்து அறிவித்து, அறிவித்தலைக் காணியிலும் நீதிமன்றத்திலும் ஒட்ட வேண்டும் என்பது பழைய விதி. காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். பறைமேளம் கோயிலுக்கும் சாவுக்கும் முழங்கும் இந்தப் பகுதியில் காணி ஏலத்துக்கு அது முழங்குவது கடன்பட்டவருக்குத் தாங்க முடியாத அவமானம். ஆனாலும் பெரியவர் அந்த விதியை மதிக்கிறார். ஊர் முழுக்கத் தெரிந்த ஏலத்தில் விலை ஏறும். இரகசியமாக நடந்த ஏலத்தில் காணி யாரோ ஒருவர் கைக்குச் சும்மா போகும். பொழுது பட்டபின் வீடு புகக் கூடாது, வழிபாட்டில் இருப்பவரிடம் கட்டளை நீட்டக் கூடாது என்ற விதிகளும் அப்படித்தான். களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் பூசை நடக்கும்போது ஆள் அகப்படுவார் என்று வழக்காளி சொன்னால், பூசை முடியட்டும் என்பதே பதில்.

ஒரு விடயத்தில் மட்டும் பெரியவருக்கு மனம் ஆறுவதில்லை. கட்டளை நிறைவேற்றப் போகும் நாளில் வாகனம் பெரும்பாலும் வழக்காளி கொண்டு வருவது. மேசை, அலுமாரி ஏற்ற லொறியும் அவருடையது. மதியச் சாப்பாடும் அவர் வாங்கித் தருவது. பரீட்சை எழுதி, ஆணைக்குழு நியமித்து, எழுத்தில் பணிக்கப்பட்ட ஓர் உத்தியோகத்தர், கடன் கொடுத்தவரின் வானில் இருந்து இறங்குகிறார். படலையில் நிற்பவரின் கேள்விக்கு அவர் வாய் திறக்கும் முன்பே வான் பதில் சொல்லிவிடுகிறது. கையூட்டுக்கும் இங்கேதான் கதவு திறக்கிறது. 1954இலிருந்து இலஞ்சச் சட்டம் இருந்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. நீதிமன்றம் தன் உத்தியோகத்தருக்கு ஒரு வாகனமும் எரிபொருளும் கொடுத்து, செலவை வழக்காளியிடம் பற்றுச்சீட்டோடு அறவிட்டால் அந்தச் சட்டங்களின் பாரம் பாதி குறையும் என்று அவர் மேலதிகாரிகளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தார். எழுத்திலும் கொடுத்தார்.

ஓய்வுக்குப் பின் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருகிறவர்கள் குறையவில்லை. வெற்றிலை கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கட்டளையோடு வரும் உத்தியோகத்தரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். எந்த நீதிமன்றம், வழக்கிலக்கம் என்ன என்று கேளுங்கள். உத்தியோகத்தரின் அடையாள அட்டையையும் அவருக்குக் கொடுக்கப்பட்ட எழுத்து அதிகாரத்தையும் பாருங்கள். தீர்ப்பு வந்து பத்து வருடம் கழிந்துவிட்டதா என்று பாருங்கள். கடன் தீர்ப்புக்கு அதற்குப் பிறகு கட்டளை எடுப்பது பொதுவாக முடியாது. எடுத்த பொருளுக்குப் பட்டியல் வாங்குங்கள். உங்கள் சொத்து இல்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள், உறுதியைக் காட்டுங்கள். கதவை மறித்துச் சண்டை பிடிக்க வேண்டாம். அடுத்த நாள் காலையில் களுவாஞ்சிகுடிக் கோட்டுக்குப் போய்ச் சட்டத்தரணியைப் பிடியுங்கள். இளம் பிஸ்கால் ஒருவர் வந்தால் இதே பட்டியலை அவருக்கும் சொல்கிறார். படலைக்கு வெளியே நிற்கும்போது அவர் கேட்கப்படாமலே காட்ட வேண்டியவையும் இவைதாம்.